பூண்டி ஏரியும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும்

2011 செப்டம்பர் 15. திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில், மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கும் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அந்த லேப்டாப்பை ஆன் செய்தால் இரண்டு வாசல்கள் தெரியும். ஒன்று விண்டோஸ். இன்னொன்று 'பாஸ் லினக்ஸ்'. டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து, சென்னை சி-டாக் உருவாக்கிய நம்மூர்ச் சரக்கு.

இரண்டாவது வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, படம் பார்க்க விண்டோஸுக்கே திரும்பிய பிள்ளைகள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. லினக்ஸில் மென்பொருளைக் கடையில் சிடி வாங்கிப் போடுவதில்லை. இணையத்தில் ஒரு பெரிய களஞ்சியம் இருக்கும். வேண்டியதை அங்கிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில் வெளியான டெபியன் 6-ல் மட்டும் 29,000-க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகள் இருந்தன. எல்லாம் இலவசம். ஆனால் 2011-ல் கிராமத்து வீட்டில் இணையம் ஏது? சாப்பாடு ரெடி, சமையலறைக்குப் பூட்டு என்ற கதைதான்.

இந்தப் பூட்டுக்குச் சாவி அப்போதே இருந்தது. அதன் பெயர் 'மிரர்'. அந்தக் களஞ்சியத்தை அப்படியே, அதே ஃபோல்டர் அடுக்கில், அதே கோப்புப் பெயர்களோடு உள்ளூர் ஹார்ட் டிஸ்க்கில் பிரதியெடுத்து வைப்பது.

திருவள்ளூர்க்காரர்களுக்கு இதை விளக்கப் பூண்டி ஏரியே போதும். ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் கால்வாயில் ஓடிவரும் கிருஷ்ணா நீர், ஊத்துக்கோட்டை பக்கம் ஜீரோ பாயின்ட்டில் தமிழகத்துக்குள் நுழைந்து பூண்டிக்கு வருகிறது. சென்னைக்காரர்கள் ஆளுக்கொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு கண்டலேறுக்கு ஓடுவதில்லை. 1944-ல் கட்டிய ஏரி பக்கத்தில் இருக்கிறது. அதில் தேக்கி, குழாயில் விடுகிறார்கள். கால்வாயில் நாலு நாள் தண்ணீர் நின்றாலும் சமாளிக்கலாம்.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். ஒரு கல்லூரி லேபில் 60 கணினிகள். ஒவ்வொன்றுக்கும் 500 எம்பி அப்டேட். இணைய வேகம் நொடிக்கு 20 மெகாபிட். அறுபதும் தனித்தனியாக இறக்கினால் 3 மணி 20 நிமிடம். அன்றைய லேப் வகுப்பு அவ்வளவுதான். மிரர் இருந்தால் வெளியிலிருந்து ஒரே ஒரு முறை, 3 நிமிடம் 20 நொடி. மற்றதெல்லாம் லேபுக்குள் ஓடும் கேபிளிலேயே முடிந்துவிடும்.

பிரதியெடுக்கும் வேலையைப் பெரும்பாலும் 'ஆர்சிங்க்' என்ற நிரல்தான் செய்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996-ல் எழுதியது. (கிருஷ்ணா நீர் முதன்முதலாகத் தமிழகம் வந்ததும் அதே 1996-ல்தான்!) அதன் சாமர்த்தியம் ஒன்றுதான்: முழுவதையும் மறுபடி இழுக்காது. இங்கே இருப்பதையும் அங்கே இருப்பதையும் ஒப்பிட்டு, மாறியதை மட்டும் கொண்டுவரும். முதல் நாள்தான் பாரம், மறுநாளிலிருந்து மிச்சசொச்சம்.

இதில் சறுக்குகிற இடங்களும் உண்டு. களஞ்சியத்தில் பொதிகள் ஒருபக்கம், எது எங்கே என்று சொல்லும் பட்டியல் இன்னொரு பக்கம். புதுப் பொதிகள் முழுவதும் வந்து சேர்ந்த பிறகுதான் பட்டியலை மாற்ற வேண்டும். முன்னதாக மாற்றினால், மெனு கார்டில் இருக்கும், கேட்டால் "இன்னும் வேகலை" என்பார்கள். அடுத்தது, மூலத்தில் இல்லாததை இங்கேயும் நீக்கும் 'டெலீட்' கட்டளை. ஃபோல்டர் பெயரைத் தவறாகக் கொடுத்துவிட்டு இதை ஓட்டினால், மிரரோடு சம்பந்தமில்லாத கல்யாண ஆல்பமும் சேர்ந்து போகும். முதலில் ஒத்திகை ஓட்டிப் பார்க்க ஆர்சிங்கிலேயே வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாதவர்கள்தான் பிறகு தலையில் கை வைக்கிறார்கள்.

நடுவில் இருப்பவர் கலப்படம் செய்தால்? அதற்குக் காவல் உண்டு. பட்டியலில் டெபியனின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். ஒவ்வொரு பொதிக்கும் ஓர் அடையாள எண் அந்தப் பட்டியலில் இருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் கணினி ஏற்காது. பால்காரர் தண்ணீர் ஊற்றினால் சொம்பே சொல்லிவிடும் மாதிரி.

ஆனால் மாட்டிலேயே கோளாறு என்றால் சொம்பு என்ன செய்யும்? 2024 மார்ச்சில் அதுதான் நடந்தது. 'எக்ஸ்இசட்' என்ற சின்ன மென்பொருளுக்குள் யாரோ கள்ளக் கதவு வைத்திருந்ததை ஆண்ட்ரஸ் ஃப்ராயுண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று குடைந்ததில் சிக்கியது. அதற்குள் டெபியனின் சோதனைப் பதிப்புகளுக்குள் அது நுழைந்திருந்தது. கையொப்பம் சரியாக இருந்ததால் மிரர்களும் விசுவாசமாகப் பிரதியெடுத்தன. சோதித்து முடித்த 'ஸ்டேபிள்' பதிப்பில் அது இல்லை. பள்ளி, ஆலை இவற்றுக்கு ஸ்டேபிளை மட்டும் மிரர் செய்யச் சொல்வது இதனால்தான்.

ஆலை என்றதும் கும்மிடிப்பூண்டி சிப்காட் மாதிரி தொழிற்பேட்டைகள் நினைவுக்கு வரும். வைரஸுக்குப் பயந்து, எந்திரங்களை இயக்கும் கணினிகளுக்கு வேண்டுமென்றே இணையம் கொடுக்காமல் வைப்பது ஆலைகளில் உள்ள வழக்கம். அப்படிப்பட்ட இடத்தில் மிரரை வெளியே எடுத்து, டிஸ்க்கைச் சரிபார்த்து, கையில் தூக்கிக்கொண்டு போய்த்தான் உள்ளே செருக வேண்டும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்து, சென்னை, திருவள்ளூர்ப் பகுதிகளில் மின்சாரமும் இணையமும் படுத்ததே, அப்படிப்பட்ட நேரத்தில் ஜெனரேட்டர் ஒன்று ஓடினாலே இந்த டிஸ்க் வேலை செய்யும்.

காக்களூரில் தொடங்கிய திட்டத்தோடு, பள்ளிக்கு ஒரு மிரர் டிஸ்க்கும் போயிருக்க வேண்டும். முழுக் களஞ்சியம் பல டெராபைட் வரும்தான். ஆனால் ஸ்டேபிள் மட்டும், ஒரே வகைக் கணினிக்கு மட்டும் என்று சுருக்கினால் 1 டெராபைட் டிஸ்க்கில் தாராளமாக அடங்கும். லேப்டாப்பில் செய்ய வேண்டிய மாற்றம் ஒரே வரி: மென்பொருள் வரும் முகவரியில் இணையத் தளத்தின் பெயரை எடுத்துவிட்டு, டிஸ்க்கில் இருக்கும் ஃபோல்டரின் பெயரை எழுதுவது. அந்த லேப்டாப்புகளில் சில இன்னும் பரணில் தூங்குகின்றன. பேட்டரி போயிருக்கும், சார்ஜரைச் செருகினால் சில எழுந்துகொள்ளும்.