மஞ்சக்கரு சிவந்தா முட்டை சத்தாயிடுமா?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப மாமா ஒரு நோட்டீசை நீட்டினார். வழவழன்னு தாள், பச்சைக் கலர், நடுவுல உடைச்ச முட்டை, அதுல ஆரஞ்சுப்பழம் மாதிரி ஒரு மஞ்சக்கரு. மோகனூர் பக்கம் அவருக்கு எட்டாயிரம் முட்டைக்கோழி இருக்கு.

"ஏங்கண்ணு, நீ இஞ்சினியரிங் படிச்சவனாச்சே. தீவனத்துல நூத்துக்கு ஒண்ணு ஸ்பைருலினா கலந்தா ஒமேகா-3 முட்டை ஆயிருமாம். டவுன்ல ரெண்டு பங்கு வெலையாம். நெசந்தானா?"

கோடு அடிக்கிறவன்கிட்ட கோழித்தீவனம் கேட்டா என்னத்த சொல்ல. ஆனா நோட்டீசைப் படிக்கப் படிக்க எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு.

முதல்ல அந்த ஒமேகா-3 ஜல்லி. மூளைக்கும் கண்ணுக்கும் நல்லதுன்னு சொல்ற ஒமேகா-3 கொழுப்புக்கு டிஎச்ஏன்னு பேரு. அது ஸ்பைருலினாவுல இல்லை, இருந்தாலும் கணக்குல வராத அளவுதான். அதுல இருக்கிறது காமா லினோலெனிக் அமிலம், அது ஒமேகா-6 வகையறா. பாசி மூலமா டிஎச்ஏ முட்டை எடுக்கவே முடியாதான்னா, முடியும். அதுக்கு ஸ்கைசோகைட்ரியம்னு வேற ஒரு கடல் நுண்ணுயிர் இருக்கு. வெயிலே படாம, மூடின இரும்புத் தொட்டியில சர்க்கரையைத் தின்னு வளர்றது. அதைப் போட்டா மஞ்சக்கருவுல டிஎச்ஏ நிஜமாவே ஏறும். ஆளி விதை போட்டாலும் ஓரளவு ஏறும். ஸ்கைசோகைட்ரியத்துக்குக் கிடைச்ச நல்ல பேரை ஸ்பைருலினா மூட்டையில ஒட்டி விக்கிறாங்க. ரெண்டும் பாசிதானேன்னு கேக்காதீங்க. பாம்புக்கயிறும் தாம்புக்கயிறும் ஒண்ணுன்னு சொல்ற கதை அது. (உண்மையில ஸ்பைருலினா பாசியே இல்லை, ஒரு வகை பாக்டீரியா. சரி விடுங்க.)

அப்ப ஸ்பைருலினா முட்டைக்கு என்னதான் செய்யுது? கலர் கொடுக்குது. சும்மா சொல்லக்கூடாது, அதை நல்லாவே கொடுக்குது. அதுல இருக்கிற ஸீயாசாந்தின் மஞ்சக்கருவுல போய் உக்காந்துக்கும். மஞ்சள் மக்காச்சோளம் செய்யறதும் இதே வேலைதான். சோளம் விலை ஏறி, குருணையும் கம்பும் போட ஆரம்பிச்சா கரு வெளுத்துப் போறது பண்ணைக்காரங்க எல்லாருக்கும் தெரியும். துலுக்க சாமந்திப் பூச்சாறு போட்டாலும் மஞ்சள் ஏறும், மிளகாய்ச் சாறு போட்டா சிவப்பு ஏறும். கரு எந்த நிறத்துல வேணும்னு பாத்து வைக்க ரோஷ் கம்பெனி 1 முதல் 15 வரை நம்பர் போட்டு ஒரு விசிறியே கொண்டுவந்தது. பெயிண்ட் கடையில கார்டு காட்டுவாங்களே, அதே சமாச்சாரம். கரு சிவந்தா அந்த நிறமி கூடியிருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். புரதம் ஏறல. கூண்டுல கிடக்கிற கோழிக்கு கால் நீட்ட இடம் கிடைக்கல. நாட்டுக்கோழி முட்டைன்னு நம்பி கரு கலரைப் பாத்து வாங்கற நம்மாளுகளுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

இனி காசு விஷயம். கோழி ஒண்ணு நாளைக்கு சுமார் 105 கிராம் தின்னுது. எட்டாயிரம் கோழிக்கு 840 கிலோ. அதுல நூத்துக்கு ஒண்ணுன்னா 8.4 கிலோ பாசி. பவுடர் கிலோ 600 ரூபாய்னே வச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 5,040 ரூபாய், மாசம் ஒன்றரை லட்சம். நூத்துக்குத் தொண்ணூறு கோழி முட்டை போட்டா ஒரு முட்டை மேல 70 பைசா. அந்த 70 பைசாவை மாமாவுக்கு யார் கொடுப்பாங்க? முட்டை ஏத்த வர்ற லாரிக்காரர் என்ன, கருவை உடைச்சுப் பாத்தா காசை எண்ணி வைக்கிறார்? கூடுதல் வெலையெல்லாம் டவுன்ல அட்டைப்பெட்டி போடறவருக்குத்தான்.

புரதத்துக்காகப் போடலாமேன்னு ஒரு நண்பர் மல்லுக்கு வந்தார். பாசியில புரதம் 60 சதவீதம், சோயாப் புண்ணாக்குல 45 தான், சரி. ஆனா சோயா கிலோ 40 ரூபாய்னு வச்சா அதுல ஒரு கிலோ புரதம் 90 ரூபாய்க்குள்ள அடங்கும். பாசியில அதே ஒரு கிலோ ஆயிரம் ரூபாய். பவுடர் விலை பாதியாக் குறைஞ்சாலும் கிட்ட நெருங்காது. அதிகமாப் போட்டுப் பாத்த சோதனையும் இருக்கு. கறிக்கோழிக் குஞ்சுக்கு 15 சதவீதம் கொடுத்ததுல குடல்ல கூழாகி, வளர்ச்சிதான் குறைஞ்சுது.

இன்னொண்ணு மனசை உறுத்துது. சென்னையில முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையத்துல சி.வி. சேஷாத்ரி இதே ஸ்பைருலினாவை, கிராமத்து ஜனங்க சின்னத் தொட்டியில தாங்களே வளர்த்துச் சாப்பிடணும்னு சொல்லி வேலை பார்த்தார். அது சத்தில்லாத குழந்தைக்குப் போகணும்னு நெனச்ச பொருள். அதைக் கோழி வயித்துல செரிக்க விட்டு, மிஞ்சின கலரை ஒமேகா-3ன்னு விக்கிறோம். உனக்குப் பாசி வேணும்னா ஒரு ஸ்பூன் நேரா முழுங்கேன்யா!

நான் பாசிக்கு எதிரி இல்லீங்க. டிஎச்ஏ முட்டை விக்கிறவர் ஒரு முட்டையில எத்தனை மில்லிகிராம்னு டப்பாவுல அச்சடிக்கட்டும், நானே வாங்கறேன். கலருக்குத்தான் போடறேன்னா அதையும் எழுதட்டும்.

மாமாகிட்ட கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "அப்ப முன்பணம் அஞ்சாயிரம் கொடுத்துட்டேனே கண்ணு"ன்னார். நோட்டீசுல இருந்த நம்பருக்கு மூணு நாளா அடிக்கிறோம். ரிங் போகுது, யாரும் எடுக்கல.

டிஸ்கி: விலையெல்லாம் நானா வச்சுக்கிட்ட உத்தேசம். உங்க ஊர் விலையைப் போட்டுப் பார்த்து கணக்கு தப்புன்னா பின்னூட்டத்துல திட்டுங்க, ஆட்டோ மட்டும் அனுப்பிடாதீங்க :-)