எத்தனை பெட் சரி, பிளான்ட் ரூம் எவ்வளவு பெரிசு?



புதுசா ஒரு ஆஸ்பத்திரி வரப்போகுதுன்னு செய்தி வந்தால் முதலில் எதைப் பார்ப்போம்? எத்தனை பெட், எத்தனை ஆபரேஷன் தியேட்டர், எத்தனை மில்லியன் டாலர். பிளான்ட் ரூம் எவ்வளவு பெரிசுன்னு ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்கணும் என்பதுதான் இந்த வார மடல்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி புராஜெக்ட்டில் மெக்கானிக்கல் டிசைனை நிர்வகிக்கிறவருக்கு வரைபடங்களைச் சேகரித்து நேரத்துக்கு அனுப்புகிற வேலை மட்டும் கொடுத்தால் போதாது. கட்டடத்தின் அடிப்படை அளவுகளை முடிவு செய்கிற மேசையில், முதல் நாளிலிருந்தே அவருக்கு நாற்காலி வேண்டும்.

ஏன்? ஆபரேஷன் தியேட்டரில் மணிக்குச் சுமார் 20 தடவை காற்று மாறணும். அங்கே காற்றழுத்தம் வெளியே உள்ள காரிடாரைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கணும். அப்போதுதான் வெளிக்காற்று உள்ளே வராது. காற்றில் பரவும் தொற்று உள்ளவர் படுத்திருக்கும் ஐசொலேஷன் ரூமில் இது அப்படியே தலைகீழ். இது ரெண்டும் ஒரே மாடியில், ஒரே சீலிங்குக்கு மேலே ஓடுகிற டக்ட்களை நம்பித்தான் இருக்கு. அதே இடத்தில் ஸ்பிரிங்க்ளர் பைப், சில்டு வாட்டர் பைப், மெடிக்கல் கேஸ், கேபிள் டிரே எல்லாம் நெருக்கியடிக்கும். ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் நடுவே எவ்வளவு உயரம்னு கான்செப்ட் டிசைன் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் மெக்கானிக்கல் டீம் பெரும்பாலும் இன்னும் லோடு கணக்கே முடித்திருக்காது.

ஆக்லாந்துக்கு இன்னொரு தலைவலி, ஈரப்பதம். வைடெமாட்டா, மனுகாவ் என்று ரெண்டு துறைமுகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற ஊர் இது. சென்னைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தியேட்டரை நல்லா குளிரவைத்து, பக்கத்து சீலிங் இடுக்கில் ஈரக்காற்று கசிய விட்டால் தண்ணீர் கோக்கும், பின்னாலேயே பூஞ்சை வரும்.

உள்ளூர் உதாரணம் கிராஃப்டனில் இருக்கு. அங்கே ஸ்டார்ஷிப் குழந்தைகள் மருத்துவமனை 1991இல் வந்தது, ஆக்லாந்து சிட்டி ஹாஸ்பிடலின் பிரதான கட்டடம் 2003இல் திறந்தது. அந்த வளாகத்தின் வயதான உள்கட்டமைப்பைச் சீரமைக்கவே தனியாக ஒரு பெரிய திட்டம் போட வேண்டியிருந்தது. புது சென்ட்ரல் பிளான்ட், சர்வீஸ் டனல் எல்லாம் அதில் வருகிறது. உள்ளே நோயாளிகள் இருக்கும்போதே இதைச் செய்யணும். ஓடுகிற பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிற வேலை. எந்த மெஷினுக்கும் ஆயுள் உண்டு, அதில் யார் மேலயும் குற்றமில்லை. ஆனா மாற்றுவதற்கு வழியும் இடமும் முதலிலேயே விட்டிருக்கா என்பது டிசைன் நேரத்து முடிவு.

கட்டடம் நிற்பது வேறு, ஆஸ்பத்திரி இயங்குவது வேறு. 1971 நிலநடுக்கத்தில் சிதைந்த கலிஃபோர்னியாவின் ஆலிவ் வியூ மருத்துவமனையை ரொம்ப உறுதியாகத் திரும்பக் கட்டினார்கள். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் கட்டடம் அசையாமல் நின்றது. ஆனால் ஸ்பிரிங்க்ளர், சில்டு வாட்டர் பைப்புகள் உடைந்து தண்ணீர் கொட்டியதில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. நியூசிலாந்தில் பேரிடருக்குப் பிறகும் இயங்க வேண்டிய ஆஸ்பத்திரிகளை இம்பார்ட்டன்ஸ் லெவல் 4 என்று வகைப்படுத்துகிறார்கள். பைப், டக்ட், மெஷின்களை நிலநடுக்கத்துக்குத் தாங்குகிற மாதிரி பிடித்துக்கட்ட என்இசட்எஸ் 4219 என்று தனித் தரநிலையே இருக்கு. அந்தப் பிரேசிங்குக்கும் சீலிங்குக்கு மேலே இடம் வேணுமே!

இங்கே சாஃப்ட்வேர் நண்பர்கள் கேட்பீர்கள்: "அதான் பிஐஎம் இருக்கே, நேவிஸ்வொர்க்ஸில் கிளாஷ் டிடெக்ஷன் போட்டா தெரிஞ்சிடுமே?" தெரியும், பாதி. ஒரு பைப் ஒரு டக்ட்டை இடிக்குதான்னு அது சொல்லும். சீலிங்கைத் திறந்து ஒரு மனுஷன் கையை விட்டு ஃபயர் டேம்பரைத் தொட முடியுமான்னு, அதற்கான இடத்தையும் மாடலில் வரைந்து வைத்தால்தான் சொல்லும். பல மாடல்களில் அது இருக்காது. டெஸ்ட் எல்லாம் பச்சையாகப் பாஸ் ஆகியும் புரொடக்ஷனில் கோட் விழுகிற கதைதான். நியூசிலாந்தில் இதுபோன்ற அமைப்புகளைப் பரிசோதித்து, ஆண்டுதோறும் பில்டிங் வாரன்ட் ஆஃப் ஃபிட்னெஸ் கொடுக்கணும். கை எட்டாத இடத்தை எப்படிப் பரிசோதிப்பது?

அப்புறம், பாதியில் வருகிற மாற்றங்கள். டனீடின் புது மருத்துவமனையில் 2022 டிசம்பரில் 90 மில்லியன் டாலர் மிச்சப்படுத்த டிசைனை மாற்றினார்கள், பெட்களும் தியேட்டர்களும் குறைந்தன. வெளியே பார்ப்பவருக்கு இது வெறும் கழித்தல் கணக்கு. மெக்கானிக்கல் டீமுக்கு ஏர் ஹேண்ட்லிங் யூனிட், ரைசர், சில்லர் எல்லாவற்றையும் திரும்பக் கணக்குப் போடுகிற வேலை.

அதனால் நான் கேட்பது மூன்று. ஒன்று, மாடி உயரம், பிளான்ட் ரூம் பரப்பு, ரைசர் இடம் இந்த மூன்றும் மெக்கானிக்கல் லீடின் கையெழுத்து இல்லாமல் கான்செப்ட் கட்டத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு, நாளைக்கு அதைப் பராமரிக்கப்போகிற ஆஸ்பத்திரி டெக்னீஷியன்களைக் கூப்பிட்டு மாடலைக் காட்டி, "இந்த ஃபில்டரை எப்படிக் கழற்றுவீங்க?"ன்னு கேட்கணும். அவர்கள் முடியாது என்றால் டிசைன் மாறணும். மூன்று, ஒரு அறையின் பயன்பாடு மாறும்போது அதனால் மெக்கானிக்கலில் வரும் செலவும் நாட்களும் எழுத்தில் வந்த பிறகுதான் ஒப்புதல். யார், எப்போ, ஏன் முடிவெடுத்தார்கள் என்ற பதிவேடு ஒன்று இருக்கட்டும்.

எதிர்வாதம் நியாயமானதுதான். பொதுப்பணம், பிளான்ட் ரூமுக்குப் போகிற ஒவ்வொரு சதுர மீட்டரும் வார்டுக்குக் கிடைக்காத இடம். நம்ம இன்ஜினியர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எதற்கும் இருக்கட்டும்னு ஒருத்தர் 10 சதவீதம் கூட்ட, அடுத்தவர் அதன் மேல் இன்னொரு 10 கூட்ட, கடைசியில் தேவைக்கு மீறிய சில்லர் குறைந்த லோடில் மின்சாரத்தை வீணடித்துக்கொண்டு ஓடும். முன்னாடியே மேசைக்கு வந்தால் முன்னாடியே கணக்கும் காட்டணும், அந்தப் பொறுப்பு எங்களுக்கு உண்டு. ஆனால் இடத்தை வெட்டி 12 பெட் கூடுதலாகப் போட்டு, பிறகு ஏசி ரிப்பேருக்காகத் தியேட்டரை வாரக்கணக்கில் மூடினால், சர்ஜரிக்குக் காத்திருக்கிறவருக்கு அந்த 12 பெட்டால் என்ன லாபம்?

உங்க ஊரில் புது ஆஸ்பத்திரிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் போங்க. பார்க்கிங் பத்திக் கேட்டு முடிச்சதும், தலைப்பில் உள்ள கேள்வியையும் கேளுங்க. என்ன பதில் வந்ததுன்னு எங்களுக்கு எழுதுங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.