அவன் இல்லாத சமையலறை

சால்மன் மீனை பேக் செய்யும் விதம் சீத்தா கேம்ப்பில் வசிக்கும் சில பெண்களுக்கு அத்துப்படி. சாப்பிட்டுப் பார்த்தவர்கள்தான் குறைவு. செம்பூரிலும் அதைத் தாண்டியும் உள்ள அடுக்குமாடி வீடுகளில் சமையல் வேலை பார்ப்பவர்கள் அவர்கள். அவனை 200 டிகிரிக்குச் சூடாக்கி, மீன் துண்டின் மேல் உப்பு, மிளகு, பூண்டு, நாலு சொட்டு எண்ணெய், இரண்டு எலுமிச்சை வட்டங்கள் வைத்து உள்ளே தள்ளினால் 15 நிமிடத்தில் எஜமானியம்மாளின் இரவு உணவு தயார். டாக்டர் எழுதிக் கொடுத்த டயட். வேலையை முடித்து மான்குர்டில் ரயிலை விட்டு இறங்கி வீடு வந்து சேர்ந்தால் அங்கே இருப்பது ஒரு காஸ் அடுப்பு, ஒரு தவா, ஒரு குக்கர். அன்று வாங்கிய பங்கடா எண்ணெயில் பொரியும். அதே எண்ணெயில் நேற்றும் பொரித்திருப்பார்கள்.

சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இப்போது அடுக்குமாடி வீட்டு நோய்கள் மட்டுமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு ஒன்று 2023ல் வெளியானது. 2021ல் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருந்ததாக அது கணக்கிட்டது. ரத்தக் கொதிப்பு, வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல். பத்துக்குப் பத்து அறையில் சமைப்பவருக்கும் டாக்டர் அதே அறிவுரையைத்தான் சொல்கிறார்: எண்ணெயைக் குறையுங்கள், மீன் சாப்பிடுங்கள். அவனையும் சால்மனையும் மட்டும் அவர் எழுதித் தருவதில்லை.

அடுப்படி இவ்வளவு சிறியதாக இருப்பதற்கு ஒரு கதை உண்டு. சீத்தா கேம்ப் தானாக முளைத்த குடியிருப்பு அல்ல. அணு ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டி இருந்த ஜனதா காலனியிலிருந்து, நெருக்கடி நிலையின்போது, 1976 மே மாதம், சுமார் 70,000 பேரை அப்புறப்படுத்திக் கொண்டுவந்து விட்ட இடம் இது. அதை எதிர்த்து வழக்கும் போராட்டமும் நடத்தியவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். பின்னாளில் மகசேசே விருதும் பத்மஸ்ரீயும் பெற்று 2018ல் காலமானார். காலனிவாசிகளுக்குக் கிடைத்தது, கழிமுகத்தை ஒட்டிய தாழ்வான நிலத்தில் சின்னச் சின்ன மனைகள். அந்த மனையில்தான் படுக்கையும் படிப்பும் சமையலும். இதில் அவனுக்கு இடம் ஏது? ஊரில் அவன் என்று ஒன்று இருந்தால் அது பாவ் சுடும் பேக்கரிக்காரருடையது.

மீனுக்கு மட்டும் பஞ்சம் கிடையாது. கூப்பிடு தூரத்தில் டிராம்பே கோலிவாடா. நெல்லை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு மீன் இல்லாத சோறு இறங்காது. கூடைக்காரக் கோலிப் பெண்ணை ‘மாவ்ஷி’ என்று அழைத்து, பாதி மராத்தி, பாதி இந்தி, கோபம் வந்தால் தமிழ் என்று பேரம் நடக்கும். பங்கடா, மாந்தேலி போன்றவற்றை எடை போடாமல் கூறு கட்டி வைத்திருப்பார்கள். ஒரு கூறுக்கு ‘வாட்டா’ என்று பெயர். சமயத்தில் கூடையின் ஓரத்தில் கொஞ்சம் மிடுக்காக ஒரு பெரிய மீன் படுத்திருக்கும். அதுதான் ராவஸ்.

ராவஸுக்கு ஆங்கிலத்தில் ‘இந்தியன் சால்மன்’ என்று பெயர். பெரிய ஓட்டல்களின் மெனு கார்டிலும் அப்படியே அச்சாகிறது. உண்மையில் சால்மனுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சால்மன் குளிர்ந்த ஆற்றில் பிறந்து கடலுக்குப் போய், முட்டையிட ஆற்றுக்கே திரும்பும் சாதி. ராவஸ் நம் வெப்பக் கடலோரத்திலும் கழிமுகங்களிலும் திரிவது. தமிழில் இதற்குப் பழைய பெயர் இருக்கிறது: காலா. (2018ல் ரஜினி தாராவித் தாதாவாக நடித்து வெளிவந்த படத்துக்கும் இதே பெயர்தான், மீனுக்கு அதில் வேஷம் இல்லை.) மார்புத் துடுப்புக்குக் கீழே தனித்தனியாகத் தொங்கும் நான்கு இழைகளே இதன் அடையாளம். கலங்கிய நீரில் அந்த இழைகளால் தடவித்தான் இரை தேடுகிறது. தலையை வெட்டித் தோலுரித்த துண்டை ராவஸ் என்று நீட்டினால் இழையை எண்ண முடியாது. எனவே முழு மீனைக் கண்ணெதிரே வெட்டி வாங்குவது நல்லது. வேறு மீன் ராவஸாக வேஷம் கட்டுவது ஓட்டல்களில் மட்டும் நடப்பதல்ல.

ராவஸின் வாழ்க்கையில் ஒரு விசித்திரம். பெரும்பாலானவை ஆணாக வளர்ந்து, பருத்த பிறகு பெண்ணாக மாறுகின்றன. கல்யாண விருந்துக்கென்று பெரிய மீனாகத் தேடிப் பிடித்தால் வலையில் விழுவது பெரும்பாலும் முட்டையிடும் தாய்கள். சின்னதைப் பிடித்தாலோ அது தாயாகும் முன்பே தட்டுக்கு வந்துவிடுகிறது. மகாராஷ்டிரக் கடலில் ஜூன், ஜூலை இரண்டு மாதம் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பது இது போன்ற மீன்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட. மழைக்காலத்தில் ராவஸ் மலிவாகக் கிடைக்கிறது என்றால் அது எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று கேட்டுக்கொள்ளலாம்.

அசல் சால்மனின் நெருங்கிய உறவினரைத் தேடினால் நீலகிரிக்குப் போக வேண்டும். வெள்ளைக்காரர்கள் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரவுட், அவலாஞ்சியில் 1907ல் அமைந்த பொரிப்பகத்தில் வளர்ந்தது. பசிபிக் சால்மன்களும் இதுவும் ஒரே பேரினம். மும்பையின் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும் சால்மனோ பெரும்பாலும் நார்வே போன்ற நாடுகளில் கடலில் கூண்டு கட்டி வளர்த்தது. அந்த நிறம்கூடத் தீனியில் சேர்க்கும் அஸ்டாக்சாந்தின் என்ற பொருளால் வருவது. காட்டு சால்மன் அதே பொருளைத் தான் தின்னும் இறால் வகையறாவிலிருந்து பெறுகிறது.

சால்மனின் புகழுக்குக் காரணம் அதன் கொழுப்பு. 1970களின் தொடக்கத்தில் டென்மார்க் விஞ்ஞானிகளான பாங், டயர்பெர்க் இருவரும் கிரீன்லாந்து எஸ்கிமோக்களின் ரத்தத்தைப் பரிசோதித்து, மீன் கொழுப்புக்கும் இதயத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்றார்கள். அங்கே கிளம்பியதுதான் ஒமேகா-3 மோகம். எஸ்கிமோக்களுக்கு மாரடைப்பு குறைவு என்ற நம்பிக்கையே பிறகு கேள்விக்கு உள்ளானது. அமெரிக்காவில் 25,871 பேருக்கு நடத்தி 2018ல் முடிவு வெளியான பெரிய சோதனை ஒன்றில், மீன் எண்ணெய் மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை மொத்தமாகப் பார்த்தால் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. மாத்திரை சோபிக்கவில்லையே தவிர, வாரத்துக்கு இரண்டு முறை மீன் சாப்பிடுங்கள் என்ற அமெரிக்க இதயச் சங்கத்தின் சிபாரிசு அப்படியே நிற்கிறது. தட்டில் மீன் வந்தால் அங்கிருந்து வேறு ஏதோ ஒன்று விலகுகிறது, பாதி லாபம் அதிலேயே.

இங்கேதான் பங்கடாவுக்கு நியாயம் செய்ய வேண்டியிருக்கிறது. தெற்கே அயிலை, கானாங்கெளுத்தி என்று அழைக்கப்படும் இந்த மீனிலும், மத்தியிலும், சால்மனில் இருக்கும் அதே ஒமேகா-3 கொழுப்புகள்தான். பருவத்தைப் பொறுத்து கொழுப்பு ஏறும், இறங்கும். ஒமேகா-3 எந்த மீனும் சொந்தமாகச் சம்பாதித்ததல்ல. கடல் பாசியில் உண்டாகி, சிறு உயிர்கள் வழியாக மீனுக்கு வருவது. பண்ணை சால்மனுக்கு மீன் எண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயைத் தீனியில் கலக்க ஆரம்பித்ததும் அதன் ஒமேகா-3 கணிசமாகக் குறைந்துவிட்டதை ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தார் 2016ல் எடுத்துக்காட்டினார்கள். (குறைந்த பிறகும் அது பல மீன்களைவிட அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) ராவஸில் சதை அதிகம், கொழுப்பு குறைவு. ஆக, ‘சால்மன்’ என்ற பெயருக்காக ராவஸுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர், டாக்டர் சொன்ன கொழுப்பைப் பக்கத்துக் கூறில் விட்டுவிட்டு வருகிறார். பங்கடா போன்ற சிறு மீன்களில் பாதரசம் சேர்வதும் குறைவு. சுறா மாதிரிப் பெரிய வேட்டை மீன்களில்தான் அது சேரும். கர்ப்பிணிகள் அவற்றைத் தவிர்ப்பது நலம்.

பங்கடாவிடம் ஒரு வம்பு உண்டு. வெயிலில் கிடந்தால் அதன் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலை வலிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. காலையில் கூடைக்கு வந்த மீனை இரவு ஏழு மணிக்கு மலிவாக வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சிவப்பாக இருக்க வேண்டும், கண் புடைத்திருக்க வேண்டும். முக்கியமாக, மீன் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். ஃபிரிஜ் இல்லாத வீட்டில் வாங்கியவுடன் சமைப்பதே வழி.

இனி அடுப்பு. பேக் செய்வது என்றால் என்ன? எண்ணெயில் மூழ்காமல், நீரில் வேகாமல், மூடிய சூட்டில் மீன் தன் ஈரத்திலேயே வேக வேண்டும். அதற்கு அவன்தான் வேண்டும் என்று சட்டமில்லை. மும்பை பார்சிகள் கொத்தமல்லி, தேங்காய்ச் சட்னி தடவிய மீனை வாழை இலையில் கட்டி ஆவியில் வைத்து ‘பாத்ரா நி மச்சி’ செய்கிறார்கள். மலையாளிகளின் ‘மீன் பொள்ளிச்சது’ இலையில் கட்டித் தவாவில் போடுவது. வாழை இலை மாட்டுங்காவில் எப்போதும் கிடைக்கும். செம்பூர் மார்க்கெட்டிலும் தேடினால் அகப்படும். அலுமினியத் தாளைவிட இலை மேல். எலுமிச்சைப் புளிப்பு பட்டால் அந்தத் தாள் கொஞ்சம் கரைந்து மீனில் இறங்கும்.

நான்கு பேருக்கு நடுத்தர பங்கடா நான்கு. வயிற்றைச் சுத்தம் செய்து இரு புறமும் மூன்று மூன்று கீறல். ஒரு மேஜைக் கரண்டி மிளகு, ஒரு டீஸ்பூன் சீரகம், எட்டுப் பல் பூண்டு, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், உப்பு. இவற்றை ஒரு எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துக் கீறலுக்குள் போகும்படி தடவ வேண்டும். பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் ஊறினால் எலுமிச்சை சதையைத் தளர்த்திவிடும். இலையைத் தணலில் காட்டி வாட்டி, ஒரு டீஸ்பூன் எண்ணெய் தொட்டுத் தடவி, மீனோடு நாலு வெங்காய வளையம், இரண்டு தக்காளித் துண்டு, கறிவேப்பிலை வைத்து மடிக்க வேண்டும். கனமான தவாவை நன்றாகச் சூடாக்கிய பின் தீயைத் தணித்து, பொட்டலங்களை வைத்து, மேலே குழிந்த மூடியைக் கவிழ்க்க வேண்டும். ஒரு பக்கம் ஏழு நிமிடம், திருப்பிப் போட்டு ஆறு நிமிடம். இலை கருகும் மணம் வரும். பயப்பட வேண்டாம், அது கருகத்தான் வேண்டும். நடுமுள்ளின் பக்கம் சதை வெண்மையாகி முள்ளை விட்டுக் கழன்றால் வெந்தது. அதற்கு மேல் ஒரு நிமிடம் நின்றாலும் மீன் சக்கைதான்.

விழாவுக்கு ராவஸ்தான் வேண்டும் என்பவர்கள் இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில் துண்டு போட்டு அதே முறையில் செய்யலாம். ஒரு அங்குலக் கனத்துக்குப் பத்து நிமிடம் என்று மேலைநாட்டுச் சமையல்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அது நல்ல சூடான அவனுக்கு. மூடிய தவாவில் மூன்று, நான்கு நிமிடம் கூட ஆகும். ராவஸில் கொழுப்பு குறைவு என்பதால் இன்னும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் சேர்ப்பது தப்பில்லை.

மீன் வேகும் நேரத்தில் இரண்டாவது பர்னரில் ஒரு கட்டு சவ்ளிக் கீரையோ மேத்தியோ வதங்கிவிடும். தட்டில் பாதி கீரை, கால் பங்கு சோறு, மீதி மீன் என்றால் டயட் சீட்டு எழுதியவருக்கும் திருப்தி. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பொரித்த மீன்தான் மீன் என்று நினைக்கும் கணவர்களும் பிள்ளைகளும் முதல் நாள் இலையைப் பிரித்து முகத்தைச் சுளிப்பார்கள். மொறுமொறுப்பு எங்கே என்பார்கள். அதற்கும் வழி இருக்கிறது. வெந்த மீனை இலையிலிருந்து எடுத்து, காய்ந்த தவாவில் அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டு, பக்கத்துக்கு ஒரு நிமிடம் போட்டால் தோல் சிவந்துவிடும். நான்கு மீனுக்கும் சேர்த்து இரண்டு, மூன்று டீஸ்பூன் எண்ணெயில் கதை முடியும். பொரிப்பதற்குக் குறைந்தது ஒரு டம்ளர் வேண்டும். மிஞ்சிய எண்ணெயைக் கொட்ட யாருக்கும் மனசு வராது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கேடான பொருள்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018லிருந்து கடைகளுக்கு வரம்பு வைத்திருக்கிறது. வீட்டு வாணலியைச் சோதிக்க யாரும் வரப் போவதில்லை.

இலையில் தேங்கும் சாற்றை வீணாக்கக் கூடாது. சூடான சோற்றில் அதை ஊற்றிப் பிசைந்தால் குழம்பு தேவையில்லை. ராவஸ் வாங்கிய நாளாக இருந்தால் தலையை அன்று தொடவே வேண்டாம். ஐஸ் பெட்டியிலோ பக்கத்து வீட்டு அக்காவின் ஃபிரிஜ்ஜிலோ வைத்திருந்து, மறுநாள் புளி கரைத்துத் தனியாகக் குழம்பு வைத்துக்கொள்ளலாம்.