கடலைப் பார்க்க யாருக்கு நேரம்?

பிரெஞ்சு தேசத்தின் தெற்கு ஓரத்தில், மத்தியதரைக் கடற்கரையில், நீஸ் என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்களும் ருஷ்ய இளவரசர்களும் குளிருக்குப் பயந்து அங்கே வந்து தங்கினார்கள். கடலோரச் சாலைக்கே 'ஆங்கிலேயர் உலாச்சாலை' என்று பெயர். இன்று அந்தக் கரையோர ஊர்களுக்குக் கோடீஸ்வரச் சீமான்கள் சொந்த உல்லாசப் படகில் வந்து இறங்குகிறார்கள். படகு என்றதும் நம் மீனவரின் கட்டுமரத்தை நினைத்துவிட வேண்டாம். அது மிதக்கிற மாளிகை! தளமெல்லாம் தேக்குப் பலகை. பலகை கீறாமலிருக்க, ஏறும்போதே காலணியைக் கழற்றிக் கூடையில் போட்டுவிடுவது அங்கே வழக்கம். ஒடுகத்தூர் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் கண் நோகக் கைத்தையல் போட்ட ஜோடியும் அந்தக் கூடையில் கிடக்கலாம். யார் கண்டது!

நமக்குக் கிட்டத்தில் பிரெஞ்சுக்காரன் கட்டிய கடற்கரை புதுச்சேரி. அங்கும் சொகுசுக் கப்பல் வந்திருக்கிறது. 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் தமிழக முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிய கோர்டீலியா கப்பல் புதுச்சேரிக்கும் போவதாக ஏற்பாடு. கப்பலில் சூதாட்டம் உண்டு என்று எதிர்ப்புக் கிளம்பியது, அனுமதி கிடைக்கவில்லை. பிறகு 2025 ஜூலை 4 அன்று அது வந்தேவிட்டது. துறைமுகத்தில் ஆழம் போதாது. ஆகவே கடலிலேயே நங்கூரம் போட்டு, பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்குக் கொண்டு வந்தார்கள். அவர்களும் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

சூதாட்டம் வேண்டாம் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால், ஊர் பார்க்க வருகிறவர்கள் மேல் நமக்கு என்ன கோபம்? கடல் எல்லோருக்கும் பொது. பார்க்கட்டும், மகிழட்டும். நாம் கேட்பது வேறு. கடலைப் பார்க்கிற அந்த ஓய்வு நேரம் யாருக்கு இருக்கிறது? இருக்கிறவர்களுக்கு அது எப்படிக் கிடைத்தது?

1936க்குப் போவோம். அந்த ஆண்டு பிரான்சில் மக்கள் முன்னணி தேர்தலில் வென்றது. மே, ஜூன் மாதங்களில் தொழிலாளர்கள் ஆலைகளை விட்டு வெளியே வராமல் உள்ளேயே உட்கார்ந்தார்கள். ராத்திரியும் அங்கேயே, சோறு வீட்டிலிருந்து வந்தது. முதலாளிமார் பணிந்தார்கள். வாரத்துக்கு 40 மணி நேர வேலை சட்டமாயிற்று. ஜூன் 20 அன்று, ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று இன்னொரு சட்டமும் வந்தது. ரயிலில் தொழிலாளர் குடும்பத்துக்கு 40 சதவிகிதம் கட்டணக் குறைப்பு. அந்தக் கோடையில்தான், பிறந்தது முதல் ஆலைப் புகையை மட்டுமே பார்த்திருந்த குடும்பங்கள் பல முதல் தடவையாகக் கடலில் கால் நனைத்தன. பிரபுக்களின் கடற்கரைக்கும் அவர்கள் போனார்கள். சீமான்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்காமல் என்ன செய்வார்கள்?

இதே பிரெஞ்சுக் கொடிதான் அன்று புதுச்சேரியிலும் பறந்தது. இங்கே மில் தொழிலாளர்கள் வ. சுப்பையா தலைமையில் 8 மணி நேர வேலை கேட்டார்கள். அவர்களும் மில்லுக்குள்ளேதான் உட்கார்ந்தார்கள். பாரிசில் விடுமுறைச் சட்டம் வந்த நாற்பதாம் நாள், ஜூலை 30 அன்று, பிரெஞ்சுத் துப்பாக்கிகள் அவர்களைச் சுட்டன. 12 பேர் செத்தார்கள். அங்கே உட்கார்ந்தவனுக்குக் கடற்கரை. இங்கே உட்கார்ந்தவனுக்குக் குண்டு! காலனி என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? அந்த ரத்தத்துக்குப் பிறகுதான், 1937 ஏப்ரலில், வேலை நேரத்துக்குச் சட்டம் வந்தது. புதுச்சேரித் தொழிலாளி சாயங்காலம் கடற்கரையில் காற்று வாங்க உட்கார்ந்த உரிமை அப்படி வந்தது.

அந்த மில்களில் ஒன்றான ரோடியர் மில், பின்னாளில் ஏ.எப்.டி. என்று பெயர் மாறி, 2020இல் மூடப்பட்டது. அதன் திடல் பொருட்காட்சிக்கும் சுற்றுலாக் கார்கள் நிற்பதற்கும் பயன்பட்டிருக்கிறது. வந்திறங்குகிறவர்களுக்கு மஞ்சள் சுவரும் வெள்ளை நகரமும் காட்டுகிறவர்கள், இந்த மதில் ஓரமாகவும் ஒரு முறை நிறுத்திக் காட்டலாம்.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகே, மே தினத்தன்று, அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள்.

2025 வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் வருஷத்துக்கு 240 நாள் உழைத்தவனுக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு இருந்தது. ஆனால் ஆம்பூர் வட்டாரத்தில் வீட்டில் உட்கார்ந்து காலணியின் மேல்தோலைக் கையால் தைக்கிற பெண்களுக்கு எந்த விடுப்பு? அவர்கள் பெயர் எந்த மஸ்டர் ரோலிலும் இல்லை. ஜோடிக்கு இத்தனை என்று கணக்கு. ஊசி நின்றால் கூலி நின்றது.

அப்படிப்பட்ட பெண்கள் பதினைந்து பேர், சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வேன் பிடித்து, ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒடுகத்தூரிலிருந்து புதுச்சேரிக்குப் புறப்பட்டார்கள். வழி காட்ட நானும் போனேன். விடியற்காலம் கடற்கரைச் சாலையில் இறங்கினோம். அன்று கப்பல் எதுவும் இல்லை, வெறும் கடல்தான். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு சகோதரி அசையாமல் நின்றுவிட்டார். "இன்னாண்ணா இது, இம்மாம் தண்ணியா!" என்றார். வேலூரைத் தாண்டியதே இல்லையாம்.

வெயில் ஏறியதும் மற்றவர்கள் பாறை ஓரம் விளையாட, அவர் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து பையைப் பிரித்தார். உள்ளே மேல்தோல் கட்டு. திங்கட்கிழமை காலையில் ஏஜெண்டு வந்து நிற்பானாம். கடலைப் பார்த்தபடியே தைத்தார். ஊசி பழகிய கை, கண் வேண்டியதில்லை.

நான் பிரான்ஸ் கதையைச் சொன்னேன்.

"லீவு வுட்டு, காசும் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கம்மா."

"இன்னா பண்ணி வாங்கினாங்க?"

"எல்லாரும் ஒண்ணா உள்ளேயே உட்கார்ந்துட்டாங்க."

ஊசி நின்றது. "நாங்க ஆளுக்கொரு ஊட்ல இல்ல உக்காந்துகினு இருக்கோம்?" என்றார்.

வேன் புறப்பட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மற்றவர்களையும் கூப்பிடச் சொன்னேன்.