தர்மாஸ்பத்திரி யாருடைய தர்மம்?

போன வாரம் காலேஜ் கேண்டீனில் ஒரு விவாதம். விவாதம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், சண்டை என்பதுதான் உண்மை :-) என் பெஞ்ச் நண்பன் சொன்னான்: "கவர்மெண்ட் ஆஸ்பத்திரியை எல்லாம் இழுத்து மூடிட்டு, குடும்பத்துக்கு ஒரு இன்ஷூரன்ஸ் கார்டு கொடுத்துட்டா மேட்டர் முடிஞ்சுது மச்சி. யாருக்கு எங்க வேணுமோ அங்க போய் பாத்துக்கட்டும்."

மேஜையில் இருந்த ஐந்து பேரில் மூன்று பேர் தலையாட்டினார்கள். எனக்கு அது தப்பு என்று தெரிந்தது, ஆனால் ஏன் தப்பு என்று ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. டீ ஆறியது, பெல் அடித்தது, கலைந்துவிட்டோம். அன்று சொல்ல முடியாததை இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் பாட்டி கதை.

பாட்டிக்கு சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. மாதம் ஒரு முறை எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஓ.பி. சீட்டு போட்டு, வரிசையில் நின்று, மாத்திரை வாங்கி வருவார். அவர் வாயில் அது இன்றைக்கும் 'தர்மாஸ்பத்திரி'தான். ஒரு மாதம் பிரஷர் மாத்திரை மட்டும் இல்லை என்று சொல்லி, "அடுத்த வாரம் வாங்க, இல்லேன்னா வெளியில வாங்கிக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பாட்டி எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. கையில் மிச்சமிருந்த மாத்திரையைப் பாதியாக உடைத்து ஓட்டியிருக்கிறார். பத்தாவது நாள் தண்ணீர்க் குழாயடியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. "ஏன் பாட்டி சொல்லலை?" என்று கேட்டதற்கு, "தர்மத்துக்குக் குடுக்குறான், அதுல என்னத்தப்பா சண்டை போடுறது" என்றார்.

இப்போது யோசியுங்கள். அன்றைக்கு பாட்டிக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால், முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டு கை கொடுத்திருக்கும். லட்சக்கணக்கில்கூட செலவு செய்ய அரசாங்கம் தயார். ஆனால் அந்த நிலைமை வராமல் தடுக்கக்கூடிய சில ரூபாய் மாத்திரைக்கு அந்தக் கார்டு உதவாது. நண்பனுக்கு என் முதல் பதில் இதுதான்.

இன்ஷூரன்ஸ் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் புதிய வடிவில் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று வளர்ந்தது. எங்கள் தெருவிலேயே ஒருவர் இதில்தான் இதய ஆபரேஷன் செய்துகொண்டு, இன்று தினமும் வாக்கிங் போகிறார். அவர் வீட்டில் போய் இந்தத் திட்டம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அது எதற்கு என்று பாருங்கள். பட்டியலில் உள்ள ஆபரேஷன்கள், பெரிய சிகிச்சைகள், சில பரிசோதனைகள். சாதாரணக் குடும்பத்தின் பாக்கெட் எங்கே ஓட்டையாகிறது? ஜுரம், சளி, சுகர், பிரஷர், ஆஸ்துமா. மாதா மாதம் டாக்டர் ஃபீஸ், மாத்திரை, டெஸ்ட், பஸ் செலவு. ஆபரேஷன் வாழ்க்கையில் ஒரு முறையோ இரண்டு முறையோ வரும். மாத்திரைச் செலவு மாதம் தவறாமல் வரும், கரண்ட் பில் மாதிரி.

சரி, அந்த அன்றாட வைத்தியத்தையும் கார்டில் சேர்த்துவிட்டால்? தாய்லாந்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்தார்கள். 2002ல் நாடு முழுவதும் கொண்டுவந்த அந்தத் திட்டத்துக்கு '30 பாட் திட்டம்' என்றே பெயர், ஒரு முறை போனால் 30 பாட் கட்டணம் என்பதால். ஓ.பி. வைத்தியம், மருந்து எல்லாம் அதில் அடக்கம். ஆனால் இங்கே ஒரு விஷயத்தை என் நண்பன் கவனிக்க வேண்டும். அவர்கள் அரசு ஆஸ்பத்திரிகளை மூடவில்லை. பல வருடங்களாக மாவட்டம் மாவட்டமாக அரசு ஆஸ்பத்திரிகளைக் கட்டி, டாக்டர்களைக் கிராமத்துக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். வரிப் பணத்தை, தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, பெரும்பாலும் அந்த ஆஸ்பத்திரிகளுக்கே கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி இருந்தது, அதனால் கார்டு வேலை செய்தது.

கார்டை வைத்துக்கொண்டு மலைக்கிராமத்துக்காரர் எங்கே போவார்? தனியார் ஆஸ்பத்திரி கூட்டமும் காசும் இருக்கிற டவுனில்தான் திறக்கும். அது அவர்கள் தப்பில்லை, வியாபாரம் அப்படி. சமவெளியில் 30,000 பேருக்கு, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்று கணக்கு வைத்துத் திறக்க அரசாங்கத்தால்தான் முடியும். தடுப்பூசி போடுவது, கர்ப்பிணிகளைத் தேடிப் போய்ப் பார்ப்பது, டி.பி. நோயாளி ஆறு மாதம் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாரா என்று துரத்துவது... இதில் யாருக்கு லாபம்? ஊருக்கு லாபம். தனிக் கம்பெனிக்கு இல்லை.

2020ஐ மறந்துவிட்டோமா? கொரோனா வந்தபோது சென்னையில் ஓமந்தூரார் ஆஸ்பத்திரியைக் கொரோனாவுக்கென்று ஒதுக்கினார்கள். அப்படி ஒதுக்க ஒரு கட்டடம், அதில் வேலை செய்ய டாக்டர், நர்ஸ், துப்புரவுப் பணியாளர் எல்லாரும் ஏற்கெனவே இருக்க வேண்டும். மூடிய ஆஸ்பத்திரியை ராத்திரியோடு ராத்திரியாகத் திறக்க முடியாது.

"எல்லாம் சரி, கவர்மெண்டுக்கு மேனேஜ் பண்ணத் தெரியாதே" என்பது நண்பனின் அடுத்த பாயிண்ட். இதற்கு என்னிடம் தமிழ்நாட்டு உதாரணமே இருக்கிறது. உங்கள் வீட்டில் அரசு ஆஸ்பத்திரி மாத்திரை அட்டை இருந்தால் எடுத்துப் பாருங்கள். 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்திருக்கும். அதற்குப் பின்னால் இருப்பது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994ல் ஆரம்பித்தது.

அதன் வேலை முறை எளிமையானது. மாநிலம் முழுவதுக்கும் தேவையான மருந்தை, கம்பெனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில், மொத்தமாக வெளிப்படையான டெண்டர் விட்டு வாங்குவார்கள். மொத்தக் கொள்முதல் என்பதால் விலை அடிமட்டத்துக்கு வரும். வந்த மருந்தை லேபில் டெஸ்ட் செய்து தேறினால்தான் வெளியே விடுவார்கள். தரம் தவறும் கம்பெனி கறுப்புப் பட்டியலுக்குப் போகும். மருந்து மாவட்டக் கிடங்குகளுக்கு வரும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் மாதிரி ஒரு பாஸ்புக். அதில் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கிய தொகை இருக்கும். தேவையான மருந்தை எடுக்க எடுக்க தொகை கழியும்.

இதில் எனக்குப் பிடித்தது, யாருக்கு எந்த அதிகாரம் என்று பிரித்திருக்கும் விதம். விலை பேசுவது மேலே, ஒரே இடத்தில். எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று கேட்பது கீழே, நோயாளியைப் பார்க்கிற இடத்தில். கேரளா, ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் பிறகு இதே மாதிரி கழகங்களை ஆரம்பித்தன. இதை நடத்துவது எந்த வெளிநாட்டு கன்சல்டன்ட்டும் இல்லை, நாம் தினம் திட்டுகிற அதே கவர்மெண்ட்தான்.

அப்படியென்றால் என் பாட்டிக்கு ஏன் மாத்திரை இல்லை? நியாயமான கேள்வி. முறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாஸ்புக்கில் உள்ள தொகைக்கு மேல் மருந்து வராது. சுகர், பிரஷர்காரர்கள் வருடா வருடம் கூடுகிறார்கள். ஒதுக்கீடு அதே வேகத்தில் கூட வேண்டும். தேவையை முன்கூட்டிக் கணித்துக் கேட்கவும் ஆள் வேண்டும். ஃபார்மசிஸ்ட் ஒருவரே மாத்திரையும் எண்ணி, கணக்கும் எழுதி, கம்ப்யூட்டரிலும் ஏற்றினால் எங்கோ ஒன்று விட்டுப்போகும். பாட்டி விஷயத்தில் எது காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பணமும் ஆளும் இல்லாமல் நிர்வாகத் திறமை மட்டும் மாத்திரை ஆகாது என்கிறேன்.

பணம் என்றவுடன் நாட்டின் கணக்கையும் பார்த்துவிடுவோம். தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2013-14ல் மருத்துவத்துக்குச் செலவான ஒவ்வொரு 100 ரூபாயிலும் சுமார் 64 ரூபாய் மக்களின் சொந்தப் பாக்கெட்டிலிருந்து போனது. 2021-22ல் அது சுமார் 39 ரூபாயாகக் குறைந்தது. நல்ல முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் அதே 2021-22ல் மத்திய, மாநில அரசுகள் எல்லாம் சேர்ந்து செலவழித்தது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். அதுவும் கொரோனா காலத்தில். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை 2025க்குள் 2.5 சதவீதம் என்று எழுதியது. அதில் மூன்றில் இரண்டு பங்காவது ஆரம்ப சுகாதாரத்துக்குப் போக வேண்டும் என்றும் அதே கொள்கை சொல்கிறது. அதாவது என் பாட்டியின் மாத்திரைக்கு. 2025ம் வந்துவிட்டது, சொன்ன வாக்கை ஞாபகப்படுத்தத்தான் ஆளில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் சரி என்று சொல்ல நான் தயாரில்லை. வீல்சேர் தள்ள காசு, குழந்தை பிறந்தால் காசு, அதிலும் பையன் என்றால் கூடுதல். வயதானவர்களை ஒருமையில் அதட்டுவது. பாத்ரூம் பக்கம் போக முடியாத நாற்றம். இதெல்லாம் நானே பார்த்தது. ஆனால் ஒப்பந்தத்தில் குறைந்த சம்பளத்துக்கு எடுத்த இரண்டு பேர் மூன்று வார்டைச் சுத்தம் செய்தால் வேறென்ன நடக்கும்? 2021ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண்கள் எவ்வளவு நல்ல வேலை செய்கிறார்கள்! அவர்களையும் நிரந்தரப் பணியாளராக எடுக்காமல் மாத ஊக்கத்தொகையில்தான் வைத்தார்கள். லஞ்சம் வாங்கியவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும், சந்தேகமே இல்லை. கூடவே காலியிடத்தையும் நிரப்ப வேண்டும். ஒன்றைச் சொல்லி இன்னொன்றைத் தள்ளிப்போடக் கூடாது.

கடைசியாக, நம்மால் செய்யக்கூடிய ஒன்று. 2005ல் வந்த தேசிய ஊரக சுகாதாரத் திட்டம், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் நோயாளர் நலச் சங்கம் வேண்டும் என்றது. அவசரச் சின்னச் செலவுக்கு 25,000, பராமரிப்புக்கு 50,000, சங்கத்துக்கு 1 லட்சம் என்று ஆண்டுக்கு நிதியும் வகுத்தது. குழாய் ரிப்பேர், ஃபேன், உட்கார பெஞ்ச் எல்லாம் சென்னையைக் கேட்காமல் ஊரிலேயே முடிவு செய்யலாம் என்பதுதான் யோசனை. உங்கள் ஊர் சங்கத்தில் யார் உறுப்பினர்? கடைசியாக எப்போது கூடினார்கள்? பணம் எதற்குப் போனது? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தில், ஒரு பக்கக் கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வந்ததும் சொல்கிறேன்.

நண்பன் படித்தால் அவனுக்கு ஒரு வரி: மச்சி, கார்டு இருக்கட்டும், ஆஸ்பத்திரியும் இருக்கட்டும், ஆனால் முதல் ரூபாய் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.

பாட்டிக்கும் ஒன்று சொன்னேன். "நீ வாங்குற சோப்பு, எண்ணெய், டீத்தூள் எல்லாத்துலயும் வரி இருக்கு பாட்டி. அந்தக் காசுலதான் அந்த ஆஸ்பத்திரி நடக்குது. தர்மம் குடுக்கிறதே நீதான்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அடுத்த தடவை மாத்திரை இல்லேன்னா சும்மா வரமாட்டேன்" என்றார்.

ஆஸ்பத்திரிக்காரர்களே, ஜாக்கிரதை :-)