ஒன்பது மணிகளும் ஒரே குறிப்பும்

குறுக்கெழுத்துப் போட்டி என்றால் நம் தோழியரில் பலருக்கு உயிர். வாரப் பத்திரிகை வீட்டிற்கு வந்ததும் பென்சிலும் கையுமாக முதலில் அந்தப் பக்கத்தைத் தேடுவோர் உண்டு. நானும் அந்த இனத்தைச் சேர்ந்தவளே. ஆயினும் கட்டம் அமைப்போர்மீது எனக்கு ஒரு குறை உண்டு. இரத்தினங்கள் என்று வந்துவிட்டால் அவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு குறிப்புகள்தாம் தெரியும் போலும். ஒன்று, 'நவமணிகளில் ஒன்று'. மற்றொன்று, 'பெண்கள் விரும்பி அணிவது'.

முதல் குறிப்பைப் பாருங்கள். மூன்றெழுத்து என்றால் வைரமா, முத்தா, நீலமா? ஐந்தெழுத்து என்றாலோ தொல்லை இன்னும் அதிகம். மாணிக்கம், மரகதம், கோமேதகம், வைடூரியம் ஆகிய நான்குமே கச்சிதமாகப் பொருந்தும். நான்கெழுத்துப் பவளமும் ஆறெழுத்துப் புஷ்பராகமும் மட்டுமே நம்மைக் குழப்புவதில்லை. இப்படிப்பட்ட புதிருக்கு அறிவு எதற்கு? நல்ல ரப்பர் ஒன்று இருந்தால் போதுமே!

சொல்வதற்கு விஷயமா இல்லை? மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஒரே கனிமந்தான். சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். ஆங்கிலேயர் கூறும் 'கொரண்டம்' என்ற சொல்லே நம் குருந்தத்திலிருந்து சென்றதுதான். முத்தையும் பவளத்தையும் 'ஒருவகைக் கல்' என்று எழுதுவது பிழை. இரண்டும் கடல்வாழ் உயிர்கள் உண்டாக்குபவை. சுண்ணாம்புக் கல்லில் உள்ள கால்சியம் கார்பனேட்டே இவற்றிலும் பெரும்பகுதி. வைரத்திற்கோ, 'மரத்தில் பாயலாம், மனத்தில் வளரலாகாது' என்று குறிப்புத் தரலாம். 'பென்சில் முனைக்கு உடன்பிறப்பு' என்றும் எழுதலாம். கிராஃபைட், வைரம் இரண்டும் கரியே, அணுக்கள் அடுக்கப்பட்ட விதந்தான் வேறு. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்துகூட வைர வடிவில்தான் இருந்தது!

இவையெல்லாம் வாசகர்க்குக் கடினம் என்று சிலர் கூறக்கூடும். எளிதாகவே இருக்கட்டும்; ஆனால் விடை கண்டபின் புதிதாக ஒன்றையாவது நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இரண்டாவது குறிப்புத்தான் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கண்ணாடியை அறுப்பதும் பாறையைத் துளைப்பதும் வைரம். அதைப் பற்றிச் சொல்ல நம் காதும் மூக்கும் மட்டுந்தானா கிடைத்தன? பெண்ணுக்கும் வைரத்துக்கும் உறவு சொல்லியே தீரவேண்டுமென்றால், காத்லீன் லான்ஸ்டேலைச் சொல்லலாமே. அயர்லாந்தில் பிறந்த அவர், எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களை ஆராய்ந்த விஞ்ஞானி. இலண்டன் ராயல் சொசைட்டி 1945-இல் முதன்முதலாகத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்த இரு பெண்களுள் ஒருவர். வைரத்தையும் ஆராய்ந்தார், அணிவதற்காக அல்ல. விண்கல்லில் கண்டெடுத்த அறுகோண அமைப்புடைய வைரத்திற்கு 1967-இல் அவர் பெயரையே சூட்டி 'லான்ஸ்டேலைட்' என்றனர்.

எண்ணிப் பார்த்தேன், ஆறு எழுத்துகள். புஷ்பராகத்திற்கு ஒதுக்கும் கட்டங்களில் அப்படியே அடங்கும்.