வெட்டு பட்ஜெட்டில், புண் பெரியவர் காலில்

1/ நேத்து ஓபி-யில் ஒரு பெரியவர். சுகர் பேஷண்ட், காலில் ஆறாத புண். ரெண்டு மாசமா மாத்திரை வாங்க வரல. "மாத்திரை இலவசம்தானே ஐயா?" "நூறு நாள் வேலைக் காசு இன்னும் வரல சார். பஸ்ஸுக்கு எங்க போவேன்?"

2/ 2023-24 மத்திய பட்ஜெட்டில் அந்த வேலைக்கு ஒதுக்கினது ₹60,000 கோடி. அதுக்கு முந்தின 2022-23 பட்ஜெட்டில் ₹73,000 கோடி. அதுவே பத்தாம, திருத்திய மதிப்பீட்டில் ₹89,400 கோடி ஆச்சு.

3/ இப்படி வெட்டினா மக்களவை துறைவாரியா விவாதிக்கணும். ஆனா 2023 மார்ச் 23 அன்று சுகாதாரம், ஊரக வளர்ச்சி உட்பட எல்லாத் துறையும் சேர்த்து, சுமார் ₹45 லட்சம் கோடி, விவாதமே இல்லாம கூச்சலுக்கு நடுவே பாஸ். இதுக்குப் பேர் கில்லட்டின்.

4/ "பிப்ரவரியில் பொது விவாதம் நடந்துச்சே?" வார்டு வாசலில் நின்னு எட்டிப் பார்த்தா அது ரவுண்ட்ஸ் ஆகாது. கட்டில் கட்டிலா போகணும். "நிலைக்குழு இருக்கே?" அதோட பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது.

5/ நான் ஒரு பாராசிட்டமால் எழுதினாலும் கையெழுத்து போடணும். கேட்டா பதில் சொல்லணும். ₹13,000 கோடி வெட்டுக்குப் பதில் சொல்றது யாரு?

6/ அவையை முடக்கினதுல ரெண்டு தரப்புக்கும் பங்கு உண்டு. அதனால கட்சி பாக்காம உங்க எம்.பி.கிட்ட கேளுங்க: "இந்த ரெண்டு துறைக்கும் விவாத நேரம் கேட்டீங்களா?"

7/ பெரியவர் நாளைக்கு டிரெஸ்ஸிங்குக்கு வரணும். வருவாரான்னு தெரியல.